கல்லட்டி ஏற்றத்தில் டயர் உரசல்: என் அனுபவம்

பிக்கப்பில் 255/60 ஆர்18 டயரைக் கழற்றிவிட்டு 265/70 ஆர்17 போட்டேன். விட்டம் சுமார் 40 மி.மீ. கூடியது. புது அலாய் வீலுக்கு ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம்வரை உள்ள தூரம்) குறைவு. அதனால் சக்கரமும் வெளியே தள்ளி நின்றது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையில் ஏறும்போது, இடது வளைவுகளில் மட்டும் இடது முன்சக்கரத்தில் ‘கர்ர்’ என்று சத்தம்.

அலைன்மென்ட் பார்த்தாயிற்று, மட் ஃப்ளாப்பை வெட்டியாயிற்று, சத்தம் போகவில்லை. ஒர்க்‌ஷாப்பின் சமதரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் விரல் நுழையும் இடைவெளி தெரியும். ஆனால் வளைவின் உள்பக்கம் செங்குத்து. அந்தச் சக்கரம் முதலில் மேடேறி, சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் உரசும்.

அதனால் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பை நெருங்கும்வரை தூக்கினேன். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் தேய்த்து இடப்பக்கம் முழுக்க ஒடித்ததும், சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனரின் பின்மூலையில் வெள்ளைக் கோடு விழுந்தது. லைனரைக் கழற்றினால், இரண்டு தகடு சேரும் வெல்டிங் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது! அதைச் சுத்தியலால் மடக்கி, ஜிங்க் பிரைமரும் அண்டர்பாடி கோட்டிங்கும் அடித்தேன். ஊட்டி ஈரத்தில் வெறும் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். லைனரை ஹீட் கன்னால் இளக்கி, உள்ளே தள்ளி மாட்டியதோடு பல நாள் அலைச்சல் தீர்ந்தது.

100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாக இருந்திருந்தால், டயர் பெரிதானதால் இனி 60 காட்டும்போது உண்மை வேகம் 63.