கழுத்தில் தான எலும்பு வைக்கப் போகிறவர்களுக்கு

திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் முன் குனிந்தே கிடந்தவன் நான். கழுத்து ஜவ்வு விலகி நரம்பை அழுத்த, வலது கை மரத்துப்போனது. ஜவ்வை எடுத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள கழுத்தெலும்புகள் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, தானமாக வந்த எலும்பை அந்த இடத்தில் வைத்து, பிளேட் போட்டுத் திருகினார்கள். இப்போது கம்பெனியில் யாருக்கு இந்த ஆபரேஷன் என்றாலும் என்னிடம் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது: "பீடி, சிகரெட் உண்டுங்களா?"

எலும்பு வங்கியிலிருந்து வருவதை நோய்ப் பரிசோதனை செய்து, சுத்தம் செய்து பதப்படுத்தித்தான் தருகிறார்கள். கிட்னி மாற்றியவர்களைப் போல உடம்பு ஏற்றுக்கொள்ள மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதில் உயிருள்ள அணுக்கள் கிடையாது. அது கட்டிடம் கட்ட நிறுத்தும் சாரம் மாதிரிதான். கட்டிடத்தை நம் எலும்புதான் எழுப்ப வேண்டும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அந்த வேலையைக் கெடுக்கும். புகையிலையை வாயில் அடக்குகிறவருக்கும் இதே கதைதான். ஒரு மாதம் முன்பாவது நிறுத்துங்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை தொடாதீர்கள்.

அடுத்தது சர்க்கரை. அன்றைய அளவு போதாது, மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். விட்டமின் டி-யும் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் வெயில் கொளுத்துகிறது, சரி; பகலெல்லாம் பனியன் கம்பெனிக்குள் இருக்கிற நமக்கு அது எங்கே படுகிறது? மாதவிடாய் நின்ற அக்காமார்கள் எலும்பு அடர்த்தியையும் சோதிப்பது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கழுத்தில் எத்தனை இடத்தில் ஜவ்வை எடுத்து எலும்பைச் சேர்க்கிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஓர் இடம் என்றால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இரண்டு, மூன்று என்று கூடக்கூட சேராமல் போகும் வாய்ப்பும் கூடும். இடுப்பிலிருந்து நம் எலும்பையே எடுக்கலாமே என்பார்கள். அதில் உயிரணு உண்டு என்பது நிஜம். ஆனால் எடுத்த இடம் பல நாள் வலிக்கும். ஒரே இடத்தில் பிளேட்டோடு செய்யும்போது தான எலும்பே போதும் என்பது என் எண்ணம்; முடிவு டாக்டருடையது.

கைவலி சீக்கிரம் குறையும், மரத்துப்போனது மெதுவாகத்தான் திரும்பும். தண்டுவடம் நெடுநாள் அழுந்தியிருந்தால் முழுதும் திரும்பாமலும் போகலாம். அதனால் கை நழுவுகிறது, நடை தடுமாறுகிறது என்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு விழுங்கச் சிரமம், குரல் கம்மல் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். கழுத்து வீங்கி மூச்சு முட்டினாலோ, கை கால் புதிதாகத் தளர்ந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்க வேண்டாம், சில வகை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும்.

சேர மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம். வலி போனதும் துணிக்கட்டைத் தூக்கப் போய்விடாதீர்கள். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு வேலைக்குப் போங்கள். அப்போதும் மெஷின் மேஜையை உயர்த்தித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குங்கள்.