தனுஷ்கோடிக்கு உச்சிவெயிலில் போகாதீர்கள்

"தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, டிபனை முடிச்சிட்டு வாங்கண்ணே. பத்து மணிக்குக் கிளம்புனா தனுஷ்கோடி, கோதண்டராமர், ராமர்பாதம் எல்லாம் காட்டி ரெண்டு மணிக்கு லாட்ஜ்ல விட்டுர்றேன்." ராமேஸ்வரத்தில் ஆட்டோ அண்ணன் சொல்கிற இந்த வரிசையில் தப்பில்லை. அவருக்குச் சவாரிக் கணக்கு. கேமராவோ நல்ல போனோ கொண்டு போகிற நமக்குத்தான் இது சரிப்படாது.

முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். பதினொன்றரைக்கு தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனை. அசோகத் தூணுக்கு முன்னால் வீட்டுக்காரியை நிற்கவைத்து எடுத்தேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து மீசை வைத்த மாதிரி இருந்தது. மணல் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத்தாள். இன்றைக்கும் வீட்டில் அந்தப் படத்தை வைத்துத்தான் என்னை ஓட்டுகிறார்கள்.

இந்தக் கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி நடுப்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். ஊன்றிய கம்புக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அப்படி. இடைப்பட்ட நாலரை மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். கோடை விடுமுறையில் வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இரண்டாவது தப்பு, யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொல்லும் 'கோல்டன் ஹவர்' (சூரியன் தாழ்ந்திருக்கும்போது வரும் பொன் வெளிச்ச நேரம்) கணக்கை அப்படியே நம்புவது. பெயரில்தான் ஹவர். நம் பக்கம் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்காது, ஏறத்தாழ செங்குத்தாகக் கடலில் விழும். பொன் வெளிச்சம் என்று சொல்லத் தகுந்தது அரைமணி நேரம் இருந்தாலே அதிகம். மறைந்தபிறகு வருகிற நீல வெளிச்சம் இருபது நிமிஷம் சொச்சம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் முடிந்தது கதை.

நேரமும் வருஷம் முழுக்க ஒன்றில்லை. ஆடி பிறக்கும் சமயத்தில் இங்கே 6:35 வாக்கில் மறைகிற சூரியன், நவம்பர் நடுவில் 5:50க்கே போய்விடும். போன தடவை ஜூலையில் வந்த ஞாபகத்தில் கார்த்திகை மாதம் ஆறேகாலுக்கு வந்து நின்றால் இருட்டைத்தான் எடுக்கலாம். விடியல் பிந்துவது மார்கழியில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தை மாதம்தான். ஜனவரி கடைசியில் சூரியன் எழ 6:35 ஆகிவிடும். தூங்குமூஞ்சிகளுக்கு ஏற்ற மாதம்.

சரி, தனுஷ்கோடிக்கு எப்போதுதான் போவது? இதற்கு மணியைவிடத் திசை முக்கியம். பாம்பன் தீவின் வால் தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. அரிச்சல்முனையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடாவின் ஆண்கடல். எந்த மாதமானாலும் சூரியன் பெண்கடல் பக்கம் எழுந்து ஆண்கடல் பக்கம் விழும். மார்கழியில் மட்டும் உதயம் சாலையின் நுனிக்குச் சற்றே இடப்பக்கம், கிட்டத்தட்ட நேர் எதிரே. இது தெரியாமல் ஆண்கடல் கரையில் முக்காலியை ஊன்றிக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்த கோஷ்டிகளைப் பார்த்திருக்கிறேன். செக்போஸ்ட் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதல்நாளே விசாரித்துவிடுங்கள். மாலையில் இருட்டுவதற்குள் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்த நீல வெளிச்சத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய சர்ச் சுவர் பவளப்பாறைக் கல்லால் ஆனது. பக்கவாட்டில் வெயில் உரசும்போதுதான் அதன் ஒவ்வொரு துளையும் தனியாகத் தெரியும். பகலில் அது வெறும் சாம்பல் சுவர்.

கோதண்டராமர் கோயில் பக்கம் தை, மாசியில் பூநாரைகள் இறங்கும். சாலையிலிருந்து பெண்கடல் பக்கம் பார்த்து எடுப்பதானால் மாலையில் போங்கள், வெயில் முதுகில் இருக்கும். காலையில் போனால் நிழலுருவம்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் இறகின் சிவப்பு வராது. ராமர்பாதமும் மாலைக்கானது. அங்கிருந்து பார்த்தால் பெரியகோயில், அதாவது ராமநாதசுவாமி கோயில், தென்கிழக்கில் இருக்கிறது, வெயில் அதன்மேல் விழும்.

பெரியகோயிலுக்குள் போனுக்கும் கேமராவுக்கும் தடை. பிரகாரத் தூண்களை மனசில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே கிழக்கு ராஜகோபுரம் காலைக்கானது. அக்னி தீர்த்தத்தில் எல்லோரும் உதயத்தையே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், ஒன்பது நிலையில் மேல்நிலைகள் முதலில் பொன்னாகும். தர்ப்பணம் கொடுக்கிறவர் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள், அவர் யாரையோ இழந்துவிட்டு வந்திருக்கிறார்.

இவ்வளவும் சொன்னதால் உச்சிவெயிலே ஆகாது என்று முடிவு கட்டிவிடுவதும் ஒரு தப்பு. பாம்பனில் அது தலைகீழ். சாலைப் பாலத்திலிருந்து கீழே அந்தப் பச்சையும் நீலமும் தெரிய, வெயில் தண்ணீருக்குள் இறங்கவேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது மேற்பரப்பு மினுக்கம் மட்டும்தான் மிஞ்சும். பத்து, பதினோரு மணிக்கு மினுக்கத்தைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டுத் திருப்பிப் பாருங்கள், அடியில் கிடக்கும் பாறைகூடத் தெரியும். பத்து மணி ஆட்டோவைப் பாம்பனுக்குப் பிடியுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் செங்குத்துத் தூக்குப்பகுதியும் அங்கிருந்து தெரியும். பாலத்து நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் பஸ் வரும்.

காற்றையும் கேளுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்றில் இது மாறிவிடும். தண்ணீரில் வானத்தின் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் அமைதியான பக்கத்தைத் தேடுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணம் பாக் நீரிணைப் பக்கம் இருப்பதால், கச்சான் காலத்து விடியலில் அந்த ஒன்பது கல்லும் தண்ணீரில் அப்படியே தெரியும்.

ஏசி ரூமிலிருந்து விடியற்காலையில் கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும், தெளிவதற்குள் உதயம் முடிந்துவிடும். அரைமணி முன்பே பையோடு வராந்தாவில் வையுங்கள். லென்ஸில் உப்பு படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

போன தை மாதம் அதே ஆட்டோ அண்ணனிடம் ஐந்தேகாலுக்கு வரச்சொன்னேன். "இருட்டுல என்னண்ணே தெரியும்?" என்றார். வந்தார். ஆறரைக்குமேல் பெண்கடலில் சிவப்பு ஏறியபோது அவரும் போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக இறங்கிவிட்டார்.