ஒயில் குறையாமலே கிளச் இறங்கிய கதை

1990களின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். நுவரெலியாக் குளிரில் காலையில் எடுத்தால் கிளச் பெடல் பாதிவரை சும்மா இறங்கும், ரிவர்ஸ் கரகரக்கும். நாலைந்து தடவை பம்ப் பண்ணினால் சரி. கிளச் ஒயிலில் புகுந்த எயாரை வெளியே எடுத்தால் மூன்று நாள் ஒழுங்கு, பிறகு பழையபடி.

கிளச் ஒயில் டப்பாவில் மட்டம் குறையவே இல்லை. ஆகவே பெடல் மிதிக்க ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல்தான் என்று அதை மாற்றினேன். பயனில்லை. றப்பர் ஹோஸையும் மாற்றினேன், அதுவும் வீண் செலவு. (ஹோஸ் உப்பினால் பம்ப் பண்ணியும் தேறாது. முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.)

கோளாறு கியர்பொக்ஸ் பக்கத்தில், அந்த ஒயிலை வாங்கிக் கிளச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரில். வெளியே காய்ந்துதான் இருந்தது. தூசி தடுக்கும் றப்பரை விரலால் விலக்கினால் உள்ளே கறுத்த ஈரம், ஒரு சொட்டுக்கும் குறைவு. அழுத்தும்போது சீல் விரிந்து ஒயிலைத் தாங்கும். பெடலை விட்டுப் பிஸ்டன் திரும்பும்போது தேய்ந்த விளிம்பு காற்றை உள்ளே இழுக்கும். கழற்றினால் சிலிண்டரின் அடிப்பக்கம் துருக்குழிகள். கிளச்சிலும் இருப்பது பிரேக் ஒயில்தான். அது ஈரத்தை உறிஞ்சும், துரு அதனால்தான். குழி விழுந்த சிலிண்டருக்குப் புது சீல் போட்டாலும் சீக்கிரமே கிழியும். முழுதாக மாற்றினேன்.

எயாரைக் கீழிருந்து மேலே தள்ளினேன்: டப்பாவில் பாதி ஒயிலை உறிஞ்சிவிட்டு, ஸ்லேவில் எயார் எடுக்கும் நிப்பிளில் ட்யூப் மாட்டி, 60 மில்லிலீட்டர் சிரிஞ்சால் புது டொட் 4 (பிரேக் ஒயில் வகை) ஒயிலை மெதுவாக. குமிழி தானாக ஏறும் திசை அதுதான். டப்பா வழிந்தால் பெயின்ட் போய்விடும், துணி சுற்றுங்கள். கடைசியாகப் பெடலில் சில மில்லிமீட்டர் ஆட்டம் விட்டேன்.

இறம்பொடை வளைவுகளில் இரண்டு மாதமாக ஓடுகிறது. பம்ப் பண்ணத் தேவைப்படவில்லை.