பிக்கிள்பாலில் டைம்அவுட்: சர்வீஸுக்கு முன்னாலேயே கேளுங்கள்

காரைக்குடி வெயிலில் பிக்கிள்பால் (சிறு மட்டையால் துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம்) ஆடுபவர்கள் டைம்அவுட்டை, அதாவது ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் சிறு இடைவேளையை, சேமித்து வைத்தே வீணாக்குகிறார்கள். 11 அல்லது 15 புள்ளி ஆட்டத்தில் ஓர் அணிக்கு 2, 21 புள்ளி என்றால் 3. ஒவ்வொன்றும் 1 நிமிடம். மிச்சமானது அடுத்த ஆட்டத்துக்கு வராது.

எதிரணி தொடர்ந்து நாலு புள்ளி எடுத்தால் உடனே கேட்டுவிடுங்கள். இரட்டையரில் இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சர்வீஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. ஆனால் சர்வீஸ் பந்தை அடித்த பிறகு கேட்டால் செல்லாது. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தசைப்பிடிப்போ மயக்கமோ வந்தால் அது வேறு. மருத்துவ டைம்அவுட் 15 நிமிடம் வரை கிடைக்கும், போட்டிக்கு ஒரு முறை. வெயிலில் தலை சுற்றினால் தயங்கவே வேண்டாம், கேளுங்கள்.