வகுப்பறைக்குள் போனை எடுத்துப் போகும் முன்

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்துக்கு ஒருமுறை 12 நிமிட வீடியோ ஒன்றை முழுசாக ஓட விட்டேன். நல்ல வீடியோதான், படம் தெளிவு, குரல் தெளிவு, பிள்ளைகளும் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். முடிந்ததும், "இரும்பு ஆணி மூழ்குது, அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் ஏன் மூழ்கல?" என்று கேட்டேன். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. இவர்கள் கடலூர் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், படகோடு வளர்ந்தவர்கள், ஓட்டை விழுந்த படகில் அப்பாவோடு உட்கார்ந்து தண்ணீர் இறைத்த பையன்கள் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. நான்தான் முதலில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

போனையும் ஸ்மார்ட் போர்டையும் வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன், ஏனென்றால் இது தவறு மாதிரியே தெரியாது. வகுப்பு அமைதியாக இருக்கும், வெளியே ஹெச்எம் நடந்து போனாலும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை வெளியே கொண்டு வராமல் விடையை மட்டும் காட்டிவிட்டால், அது பார்த்துவிட்டுப் போய்விடும். அடுத்த ஆண்டு அதே வீடியோவில் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் குரலை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டினேன், தண்ணீரில் முட்டையைப் போடும் இடம் வந்ததும் நிறுத்தி, "உப்பு போட்டா என்ன ஆகும்? நோட்டுல எழுதிட்டு மூடி வைங்க" என்றேன். எழுதி முடித்தபின் மேசையில் வைத்திருந்த டம்ளரில் நிஜமாகவே உப்பைக் கரைத்து முட்டையைப் போட்டோம், அதற்குப் பிறகுதான் வீடியோவின் மீதி. எழுதியது தப்பாய்ப் போன பிள்ளைகள்தான் அன்றைக்கு அதிகம் கேள்வி கேட்டார்கள். மொத்தம் ஒரு பீரியட்தான் ஆனது, 12 நிமிடம் ஓட்டியபோதும் அதே ஒரு பீரியட்தான்.

இன்னொன்று, வீடியோ கிடைக்கவில்லை என்ற நிலைமை இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே க்யூஆர் கோடு அச்சாகி வந்துவிட்டது, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி. கிடைப்பதில் எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் நம்முடைய வேலை. அதை முந்தின நாள் இரவு வீட்டில் செய்ய வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு யூடியூபில் தேடுகிற ஐந்து நிமிடத்தில் கடைசி பெஞ்ச் கலைந்துவிடும், அதை மறுபடி சேர்ப்பதற்கு இன்னொரு ஐந்து நிமிடம் ஆகும்.

அப்படித் தேடும்போது பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தமிழில் நல்ல அறிவியல் வீடியோக்களில் கணிசமானவை இலங்கை ஆசிரியர்கள் செய்தவை. அவர்கள் நடத்தும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும், நானே பார்த்துக் கற்றிருக்கிறேன். ஆனால் கலைச்சொற்கள் வேறு. ஒட்சிசன் என்றால் ஆக்சிஜன், அமுக்கம் என்றால் அழுத்தம், ஆர்முடுகல் என்றால் முடுக்கம், இவற்றைக்கூடப் பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள். சிக்கல் வருவது ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு வேறு பொருளில் வரும்போதுதான். நம் புத்தகத்தில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் அளப்பது. அங்கே அதற்குத் திணிவு என்று பெயர், நாம் எடை என்று சொல்வதைத்தான் அவர்கள் நிறை என்கிறார்கள். வேகமும் இப்படித்தான். நமக்கு வேகம் என்றால் திசை சேராதது, திசை சேர்ந்தால் திசைவேகம். அங்கே திசை சேராதது கதி, திசை சேர்ந்ததுதான் வேகம். இதைச் சொல்லாமல் வீடியோவைப் போட்டுவிட்டு, தேர்வில் நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு கேட்டு, பிள்ளை தலைகீழாக எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா? போடுவதற்கு முன்னால் கரும்பலகையில் நான்கு சொல்லை இரண்டு பத்தியாக எழுதிப் போட்டால் போதும். பெரிய பிள்ளைகளுக்கு அதுவே ஒரு நல்ல பாடமாகிவிடும், ஒரே மொழியில் இரண்டு நாட்டுக்காரர்கள் எப்படிச் சொல் அமைத்தார்கள் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

புதுச்சேரிப் பக்கம் இதே சிக்கல் வேறு மாதிரி. அங்கே அரசுப் பள்ளிகளில் பெரிய வகுப்புகள் 2023-24இல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கின. எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு இந்தப் பக்கம் படிக்கிற பிள்ளையின் அத்தை மகள் அந்தப் பக்கம் பாகூரில் படிப்பாள், விடுமுறையில் நோட்ஸ், வீடியோ எல்லாம் போனில் மாற்றிக்கொள்வார்கள். அதே பாடத் தலைப்பு என்றாலும் புத்தகம் வேறு, வரிசை வேறு. "உனக்கு வந்த நோட்ஸ் எந்த வகுப்பு, எந்தப் பாடத்திட்டம்னு முதல் பக்கத்துல பாரு" என்று சொல்லிக் கொடுப்பது இந்த எல்லையோர ஊர்களில் ஆசிரியர் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது வீட்டுப்பாடம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

"வாட்ஸப்புல லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்துட்டு வாங்க" என்று சொல்வது நமக்குச் சுலபம். ஆனால் அந்த வீட்டில் போன் எத்தனை, அது எந்நேரம் யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. எங்கள் ஊரில் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அப்பா விடியற்காலை ஃபைபர் படகில் போகும்போது பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போய்விடுவார், காற்று பார்ப்பதற்கும் கரையோடு பேசுவதற்கும் அவருக்கு அது வேண்டும். திரும்பி வந்து தூங்கும்போது போன் சார்ஜில் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது அங்கே முந்திரி உடைக்கப் போகிற அம்மாவோடு போன் போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் நாளுக்கு 1.5 ஜிபி என்று போட்ட பேக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். விசைப்படகுக்காரர் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை போன் நன்றாகக் கையில் கிடைக்கும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில். அது ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் வருகிற நேரம்.

ஒரு பெண், ஏழாம் வகுப்பு, மூன்று வாரம் தொடர்ந்து வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று நான் பலமுறை கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது, அவர்கள் வீட்டு போன் திரை உடைந்து ஒரு மாதமாகக் கடையில் இருக்கிறது, மீட்கப் பணம் இல்லை. அன்றிலிருந்து போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வேலையை மதிப்பெண்ணோடு சேர்ப்பதே இல்லை. வீடியோ பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றால் மதிய உணவு இடைவேளையில் நானே போட்டுக் காட்டுகிறேன். வீட்டில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அது கூடுதல். ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே ஒரு துண்டுத்தாளில் நான்கு கேள்வி எழுதி வாங்கிவிடுங்கள்: வீட்டில் என்ன போன், யாருடையது, எந்நேரம் கிடைக்கும், நெட் இருக்கிறதா. உரக்கக் கேட்காதீர்கள், கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். இல்லாத பிள்ளையும் தூக்கிவிடும்.

இனி கருவி சம்பந்தப்பட்ட சில்லறை விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போனை டிவியில் இணைக்கலாம் என்று டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவதற்கு முன்னால் உங்கள் போனில் அந்த வழியாகப் படம் வெளியே வருமா என்று பாருங்கள், விலை குறைந்த பெரும்பாலான போன்களில் வராது, துளை ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் வந்துவிடாது. இணைத்ததும் முதல் வேலையாக 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் குடும்ப குரூப் செய்தியை 40 பிள்ளைகளும் படிப்பார்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். வீடியோவை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், கார்த்திகை மார்கழியில் மழை பிடித்தால் நம் பக்கம் கரண்டும் நெட்வொர்க்கும் போவது உங்களுக்குத் தெரியாததில்லை. படத்தைவிட ஒலிக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்: மின்விசிறி சுற்றும் வகுப்பில் போனின் சொந்த ஸ்பீக்கர் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. வினாத்தாளைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வேர்டு கோப்பாகவே அனுப்பினால் பெற்றோர் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், முடியாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

வினாடி வினா செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு அதிகப் புள்ளி என்கிற விளையாட்டு, நான்கு வேகமான பிள்ளைகளுக்கும் நமக்கும் சந்தோஷமாக இருக்கும். யோசித்துச் சொல்கிற பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே விட்டுவிடும். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஆசிரியர் கையில் ஒரு போன் இருந்தால் போதும். பிள்ளைகளுக்குக் காகித அட்டைதான், ஏ, பி, சி, டி எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுதான் விடை, நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று உங்கள் திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்து எழுதவும் முடியாது, தப்பாகச் சொன்ன பிள்ளை மற்றவர் முன் கூனிக் குறுகவும் வேண்டாம்.

கூனிக் குறுகுவது என்றதும் மதிப்பெண் பட்டியல் நினைவுக்கு வருகிறது. வகுப்பு வாட்ஸப் குரூப்பில் எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஒரே படமாகப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது, நானும் ஒருமுறை போட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரு பையன் பள்ளிக்கு வரவில்லை. தெருவில் யாரோ அவன் அப்பாவிடம், "உன் பையன் கணக்குல ஒன்பது மார்க்காமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவனை நேரில் பார்த்துப் பேசி அழைத்து வந்தேன், ஆனால் அனுப்பிய படத்தை எத்தனை போனிலிருந்து என்னால் அழிக்க முடியும்? மதிப்பெண்ணைத் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதும் இதே கணக்குத்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் நம் படத்தை ஒருவர் எடுத்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும். கைகளை எடுங்கள், வரைந்த படத்தை எடுங்கள், செய்த மாதிரியை எடுங்கள். குரூப்பில் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் எண்கள் எல்லோருக்கும் தெரிகிறது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. வாட்ஸப்பின் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவில் ஒருவர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அதற்கு மாறிவிடலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் கேள்வித்தாள் எடுப்பவர்கள் தமிழ்ப் பகுதியை ஒவ்வொரு வரியாகப் படித்துவிடுங்கள். குறள் கேட்டால் சில நேரம் வள்ளுவர் எழுதாத ஒன்றை எண்ணோடு தந்துவிடுகிறது, ஓசையும் ஏறக்குறைய ஒத்து வரும். 1330இல் அது இருக்கிறதா என்று புத்தகத்தைத் திறந்து பார்க்க அரை நிமிடம்.

சரி, போன் வைத்து நன்றாக நடந்த ஒரு வகுப்பையும் சொல்கிறேன். காற்றின் திசை பற்றிய பாடம். அப்பாக்கள் கடலுக்குப் போகும் முன் பார்க்கிற காற்று வரைபடத்தை என் போனில் திறந்து டிவியில் காட்டினேன். "வடகிழக்குக் காற்றுன்னா அம்பு வடகிழக்கைப் பாத்து இருக்கும்" என்று நான் ஆரம்பித்ததும் பின்னால் இருந்து ஒருவன், "இல்ல டீச்சர், அது எங்கேருந்து வருதோ அதுதான் பேரு, அம்பு போற பக்கத்தைக் காட்டுது" என்றான். அவன் சொன்னதுதான் சரி. எழுந்து வரச் சொன்னேன். வாடை எது, கொண்டல் எது, எந்தக் காற்றுக்கு வலை போடக்கூடாது என்று அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் திசையை நோட்டில் வரைந்தார்கள். திரையில் 15 நாட் (கடலில் வேகம் அளக்கும் அலகு) என்று இருந்ததை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று 1.852ஆல் பெருக்கிப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 28 வந்தது. "28ன்னா எங்கப்பா போக மாட்டாரு" என்றாள் ஒருத்தி. "எங்கப்பா போவாரு" என்றாள் இன்னொருத்தி. மணி அடித்தபோது படகின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.