தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: பழுதை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி அணைந்து மீண்டும் தொடங்கினால், பலரும் முதலில் விண்டோஸை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். கோளாறு மின்சாரத்திலோ சூட்டிலோ இருந்தால் அந்த உழைப்பு முழுவதும் வீண். விண்டோஸே ரீஸ்டார்ட் செய்ததா, அதற்குத் தெரியாமல் மின்சாரம் தடைபட்டதா என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

படி 1: ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் உள்ள 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால்தான், பிழையைச் சொல்லும் திரை நாம் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. இனி அந்தத் திரை அப்படியே நிற்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழுள்ள 'சிஸ்டம்' பதிவுகளைப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் 1074 என்ற எண் இருந்தால், அப்டேட்டோ வேறொரு மென்பொருளோ முறைப்படி ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. பெயரும் அங்கேயே இருக்கும், கவலை வேண்டாம். 'கெர்னல் பவர்' 41 என்று இருந்தால் சற்று நிதானிக்க வேண்டும். இந்த எண்ணைக் கண்டதுமே பவர் சப்ளையை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் முந்தைய முறை கணினி ஒழுங்காக அணையவில்லை என்பதை மட்டுமே, அதுவும் மீண்டும் உயிர்பெற்ற பிறகு, விண்டோஸ் இதில் எழுதிவைக்கிறது. அதன் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'பக்செக் கோட்' எதிரே 0 இல்லாமல் வேறு எண் இருந்தால், விண்டோஸ் நிலைகுலைந்திருக்கிறது என்று பொருள். 0 என்றால் மின்தடை, அதிகச் சூடு, அல்லது கணினி உறைந்து நின்றதால் நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்தது ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.

படி 3: நிலைகுலைவு என்றால், அண்மையில் புதுப்பித்த டிரைவரை (கணினியின் பாகங்களை விண்டோஸுடன் இணைத்து இயக்கும் மென்பொருள்) பழைய நிலைக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' கொண்டு ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, சோதியுங்கள். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்ப்பது, என் கருத்தில், எந்தச் சோதனையையும்விட நம்பகமானது.

படி 4: எண் 0 என்றால், யுபிஎஸ்ஸைத் தவிர்த்துச் சுவர் பிளக்கில் நேரடியாக இணைத்து ஒரு நாள் பாருங்கள், பேட்டரி தேய்ந்த யுபிஎஸ், மின்னழுத்தம் சிறிது தாழ்ந்தாலும் கைவிட்டுவிடும். அடுத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சிபியு விசிறியிலும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கிலும் படிந்த தூசியை அகற்றுங்கள். கேம் விளையாடும்போது மட்டும் அணைகிறது, சூடும் அளவோடுதான் இருக்கிறது என்றால், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை) மீது சந்தேகம் வலுக்கிறது. பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) 12 வோல்ட் அளவு 11.4-க்குக் கீழே காட்டினால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்; நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.