அமெரிக்கப் படைவிடுவிப்பின் தரத்தை உயர்த்தக் கோருவது எப்படி

ஒழுங்கீனத்துக்காக அமெரிக்கப் படையிலிருந்து 'மதிப்புக் குறைந்த' தரத்தில் விடுவிக்கப்பட்டவர், அத்தரத்தை உயர்த்தும்படி விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் கழிந்தால் அது தானாகவே உயர்ந்துவிடும் என்று படைமுகாம்களில் நெடுங்காலமாக உலவும் பேச்சில் உண்மை இல்லை.

விடுவிக்கப்பட்டு 15 ஆண்டுகள் கடக்கவில்லையெனில், டி.டி. 293 படிவத்தை நிரப்பி, தாம் பணியாற்றிய படையின் (தரைப்படை, கடற்படை, வான்படை போன்றவை) விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அக்கெடு கடந்தவர்களும், பொது இராணுவ நீதிமன்றத் தண்டனையால் நீக்கப்பட்டவர்களும், டி.டி. 149 படிவத்தின் வழியே ஆவணத் திருத்த வாரியத்தை நாட வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் பணி ஆவணங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் கேட்டுப் பெறுங்கள். வாரியம் எதைப் படிக்கப்போகிறது என்பதை அறியாமல் வாதிடுவது இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பாகும்.

விடுவிப்பு நடைமுறையில் பிழை இருந்தது, அல்லது விதித்த தரம் நியாயமற்றது என்ற இரண்டில் ஒன்றையேனும் நிறுவ வேண்டும். நடந்ததை மறுப்பதைவிட, அது ஏன் நடந்தது என்று விளக்குவதே பெரும்பாலும் பயன் தரும் என்பது என் கருத்து. போர் அதிர்ச்சியால் வந்த மனநோய், தலைக்காயம், பணிக்காலப் பாலியல் வன்முறை ஆகியவை ஒழுங்கீனத்துக்குக் காரணமாக இருந்திருந்தால், 2014-லும் 2017-லும் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, வாரியங்கள் அத்தகைய விண்ணப்பங்களைத் தாராள நோக்குடன் பரிசீலிக்க வேண்டும். பணிக்காலத்தில் நோய் கண்டறியப்படவில்லை என்பது தடையாகாது, உடனிருந்த வீரர்களின், குடும்பத்தாரின் வாக்குமூலங்களும் சான்றாக ஏற்கப்படும்.

மறுஆய்வு வாரியம் மறுத்தால், அதன்பின் திருத்த வாரியத்திடம் முறையிடலாம்.